கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

மின்னணுக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு திறன்கடிகாரங்கள் அருகருகே இருக்கின்றன. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வார். ஆனால், ஒன்றின் விலை மற்றதைவிடக் கணிசமாகக் கூடுதல். ஆப்பிள் சீரிஸ் 11 கடிகாரத்தின் அமெரிக்க விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகை 399 டாலரில் தொடங்குகிறது, கைப்பேசிக் கட்டமைப்புடன் நேரடியாக இணையக்கூடிய வகை 499 டாலரில் தொடங்குகிறது. "இது இருந்தால் போன் இல்லாமலே பேசலாம்" என்று விற்பனையாளர் சொல்வார். அதைக் கேட்டவுடன் உங்கள் கண் அகலும், பக்கத்தில் நிற்கும் அப்பாவின் புருவம் சுருங்கும்.

அந்த 100 டாலருக்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது என்ன? புதிய செயலியோ பெரிய திரையோ கிடைப்பதில்லை. கைப்பேசி உங்கள் அருகில் இல்லாத நிமிடங்களில் தொடர்பு கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே, கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் நாளைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நிமிடங்கள் உங்களுக்கு எத்தனை இருக்கின்றன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாதாரணத் திறன்கடிகாரம் கைப்பேசிக்கு நிழல் மாதிரி. கைப்பேசிக்கு வரும் அழைப்பையும் செய்தியையும் புளூடூத் வழியாக வாங்கி மணிக்கட்டில் காட்டுகிறது. சுமார் 10 மீட்டருக்கு அப்பால் போனால் இணைப்பு அறுந்துவிடும். அறிமுகமான வைஃபை இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டும் இல்லாவிட்டால், அது நேரம் காட்டும், அடிகளை எண்ணும், இதயத் துடிப்பைக் கணக்கிடும். ஆனால், யாருடனும் பேசாது.

கைப்பேசிக் கட்டமைப்புடன் இணையும் வகையில் கூடுதலாக ஒரு மோடம், ஓர் இ-சிம், அலைகளை அனுப்ப ஒரு பெருக்கி ஆகியவை உண்டு. கைப்பேசி அருகில் இருக்கும்போது இந்தப் பாகங்கள் பெரும்பாலும் உறங்குகின்றன. முதலில் புளூடூத்தைத் தேடும், அது இல்லாவிட்டால் வைஃபை, அதுவும் இல்லாவிட்டால்தான் கைப்பேசிக் கட்டமைப்பு. பணம் கொடுத்து வாங்கிய பாகத்தைக் கடிகாரம் கடைசி வழியாக வைத்திருப்பது ஏன்? இதற்கான விடை இயற்பியலில் இருக்கிறது.

நான்கு சென்டிமீட்டருக்குள் ஓர் ஆண்டெனா

மணிக்கட்டில் பேசும் ஆசை புதிதன்று. 'டிக் டிரேசி' என்ற அமெரிக்கப் படக்கதையின் துப்பறிவாளர் 1946லேயே கையில் வானொலிக் கடிகாரம் கட்டிக்கொண்டு பேசினார். சாம்சங் 1999இல் உண்மையிலேயே ஒரு கைக்கடிகாரத் தொலைபேசியை அறிமுகப்படுத்தியது. அதில் தொடர்ந்து பேசக்கூடிய நேரம் சுமார் 90 நிமிடம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2017 செப்டம்பரில், ஆப்பிளின் சீரிஸ் 3 வந்தது. 4ஜி கட்டமைப்பில் அதை வைத்துப் பேசக்கூடிய நேரம் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. இடையில் கணினிச் சில்லுகள் எத்தனையோ மடங்கு முன்னேறிவிட்டன. பேசும் நேரம் மட்டும் ஏன் முன்னேறவில்லை?

வானொலி அலையின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். சிங்கப்பூரில் 4ஜி பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 900 மெகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 30 கோடி மீட்டரை 90 கோடியால் வகுத்தால் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். எளிய ஆண்டெனா ஒன்று நன்றாக வேலைசெய்ய அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. அதாவது, சுமார் 8 சென்டிமீட்டர். கைப்பேசியின் விளிம்பில் அதற்கு இடம் தாராளமாக உண்டு. உங்கள் கடிகாரத்தின் உயரமோ நான்கு சென்டிமீட்டரை ஒட்டித்தான்.

1,800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கால் அலைநீளம் சுமார் 4.2 சென்டிமீட்டர் ஆகிறது. கொஞ்சம் நெருங்கிவிட்டோம். புளூடூத் பயன்படுத்தும் 2,400 மெகாஹெர்ட்ஸில் அது 3.1 சென்டிமீட்டர். புளூடூத்துக்குக் கடிகாரம் வசதியான வீடு, கைப்பேசி அலைக்கு அது குனிந்தே நுழைய வேண்டிய குடிசை.

இந்த நெருக்கடியைச் சமாளிக்கப் பொறியாளர்கள் செய்த வேலைகள் சுவையானவை. சீரிஸ் 3இல் கடிகாரத்தின் திரையையே ஆண்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். நீங்கள் விரலால் தொடும் அதே திரைதான் கோபுரத்துடனும் பேசியது. சிம் அட்டைக்கும் இடம் இல்லை. நானோ சிம் அட்டையே 12.3க்கு 8.8 மில்லிமீட்டர், அதைச் செருக ஒரு தட்டும் வேண்டும், தட்டுக்கு ஒரு துவாரம் வேண்டும், துவாரம் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். அதனால்தான், பலகையோடு பற்றவைக்கப்படும் இ-சிம் வந்தது. உங்கள் எண்ணும் மற்ற விவரங்களும் இணையம் வழியாக அதற்குள் இறக்கப்படுகின்றன. சாம்சங் 2016இல் வெளியிட்ட கியர் எஸ்2 கிளாசிக் 3ஜி கடிகாரத்தில் இந்த உத்தி முன்னதாகவே வந்துவிட்டது.

இடம் ஒரு சிக்கல் என்றால், மணிக்கட்டு இன்னொரு சிக்கல். நம் உடலின் பெரும்பகுதி உப்புக் கலந்த நீர். உப்புநீர் வானொலி அலைகளை விழுங்கும். ஆண்டெனா உங்கள் தோலிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆற்றலில் கணிசமான பங்கு வானத்துக்குப் போகாமல் கைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கோபுரத்துக்குக் கேட்க வேண்டுமென்றால் கடிகாரம் இன்னும் உரக்கக் கத்த வேண்டும்.

கத்துவது என்று சும்மா சொல்லவில்லை. கைப்பேசிக் கட்டமைப்பில் ஒரு கருவி எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதைக் கோபுரமே கட்டளையிடுகிறது. கோபுரம் என்றதும் வயல்வெளியில் நிற்கும் இரும்புத் தூணைக் கற்பனை செய்யாதீர்கள். நம் ஊரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கூரையில் நிற்கும் வெள்ளைப் பெட்டிகளும் கோபுரங்களே. அருகில் இருந்தால் "மெதுவாகப் பேசு" என்று சொல்லும். மின்தூக்கிக்குள்ளோ அடித்தளக் கார்நிறுத்தத்திலோ சிக்னல் மங்கினால் "உரக்க, இன்னும் உரக்க" என்று கேட்கும். 4ஜி கருவிகளுக்குப் பொதுவான உச்ச வரம்பு சுமார் 200 மில்லிவாட். பத்து மீட்டருக்குள் பேசும் புளூடூத்துக்கு 2.5 மில்லிவாட் போதும். எண்பது மடங்கு வித்தியாசம்! கடிகாரம் ஏன் எப்போதும் புளூடூத்தையே முதலில் தேடுகிறது என்பது இப்போது விளங்குகிறதா?

"அப்படியானால் அந்த அலை கைக்குக் கெடுதல் இல்லையா?" என்று பாட்டி கேட்கலாம். இந்த அலைகளுக்கு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது, அந்த வகையில் இவை எக்ஸ்ரே கதிர்களிலிருந்து வேறுபட்டவை. உடலை மிகச் சிறிதளவு சூடாக்கும், அதற்குத்தான் வரம்பு. அனைத்துலக வழிகாட்டியின்படி பொதுமக்களின் கை கால்களுக்கான வரம்பு கிலோகிராமுக்கு 4 வாட், தலைக்கு 2 வாட். விற்பனைக்கு வரும் கடிகாரங்கள் இந்த வரம்புகளுக்குள் இருக்கின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. பாட்டிக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருவோம்.

மின்கலன் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தாளை எடுங்கள். சாம்சங்கின் 40 மில்லிமீட்டர் கேலக்ஸி வாட்ச் 7இன் மின்கலன் கொள்ளளவு 300 மில்லி ஆம்பியர்-மணி. மின்னழுத்தம் தோராயமாக 3.8 வோல்ட் என்று கொண்டால், 0.3ஐ 3.8ஆல் பெருக்க 1.14 வாட்-மணி கிடைக்கிறது. 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கைப்பேசிக்கு இதே கணக்கைச் செய்தால் 15.2 வாட்-மணி. கடிகாரத்தின் கையிருப்பு கைப்பேசியினுடையதில் பதின்மூன்றில் ஒரு பங்குதான்.

இவ்வளவு சிறிய மின்கலன் ஒரு மணி நேரப் பேச்சில் தீர்ந்துபோனால், கடிகாரம் சராசரியாக 1.1 வாட் செலவழிக்கிறது என்று பொருள். சிறிய எல்இடி இரவு விளக்கு ஒன்றுக்கு இது போதும். அந்த விளக்கை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நாணய அளவு மின்கலனால் எரியவிடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

பேசாவிட்டாலும் செலவு உண்டு. கைப்பேசி அருகில் இல்லாதபோது, "எனக்கு அழைப்பு ஏதும் உண்டா?" என்று கடிகாரம் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை விழித்துக் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். வாசல் மணியில்லாத வீட்டில் விருந்தாளி வந்துவிட்டாரா என்று அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பது போன்றது இது.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். ஆப்பிள் 2021இல் வெளியிட்ட சீரிஸ் 7 கடிகாரத்துக்கு 18 மணி நேரம் என்று அறிவித்தபோது, சோதனை எப்படி நடந்தது என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தது. அந்த 18 மணி நேரத்தில் கைப்பேசிக் கட்டமைப்பில் இருந்தது 4 மணி நேரம்தான், மீதி 14 மணி நேரமும் ஐபோனுடன் புளூடூத்தில் இணைந்திருந்தது. விளம்பரப் பலகையில் "போனை மறந்துவிடுங்கள்" என்ற தொனி, அடிக்குறிப்பில் "பெரும்பாலும் போனை அருகில் வைத்திருங்கள்" என்ற அனுமானம். அடிக்குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் அறிவியல் மாணவருக்கு நல்லது, பொருள் வாங்குபவருக்கு அதைவிட நல்லது.

மின்கலனின் ஆயுளும் கணக்கில் வர வேண்டும். ஆப்பிள் தன் கடிகார மின்கலன், முழு மின்னேற்றச் சுழற்சி 1,000 முறை முடிந்த பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. நீங்கள் அதைத் தினமும் முழுவதும் தீர்த்து முழுவதும் ஏற்றினால் 1,000 நாள், அதாவது மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. கைப்பேசிக் கட்டமைப்பை அதிகம் பயன்படுத்துபவர்கள் அந்த எல்லையைச் சீக்கிரம் தொடுவார்கள்.

நிலைமை மாறாமலே இல்லை. உணரிகள், கடிகாரங்கள் போன்ற சிறு கருவிகளுக்காகவே 5ஜியில் 'ரெட்கேப்' என்ற எளிய வடிவம் 2022இல் தரப்படுத்தப்பட்டது. குறைந்த ஆண்டெனா, குறுகிய அலைவரிசை, எளிய மோடம். கடிகாரத்துக்குத் திரைப்படம் பதிவிறக்கும் வேகம் எதற்கு? 2025 செப்டம்பரில் வந்த ஆப்பிள் கடிகாரங்களில் இது இடம்பெற்றது. ஆனால், அலைநீளத்தையும் உப்புநீரையும் எந்தத் தரநிர்ணயக் குழுவாலும் மாற்ற முடியாது.

யாருக்கு இது உண்மையிலேயே உதவும்?

ஓடுபவருக்கு உதவும். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒருமுறை ஓடினால் 4.3 கிலோமீட்டர். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது எரிச்சல், பையில் போட்டால் குலுங்கும். கடிகாரம் மட்டும் போதும் என்ற விடுதலை சுகமானதுதான். ஆனால், இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஓடிய தூரத்தையும் பாதையையும் பதிவு செய்ய கைப்பேசிக் கட்டமைப்பு தேவையே இல்லை. ஜிபிஎஸ் தனி வசதி. கடிகாரம் துணைக்கோள்களின் சிக்னலைக் கேட்கிறது, பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. மலிவான வகையிலும் ஜிபிஎஸ் உண்டு. பாட்டுகளைக் கடிகாரத்திலேயே சேமித்துக்கொள்ளவும் முடியும். வழியில் கால் சுளுக்கி வீட்டுக்கு அழைக்க வேண்டிய நிலை வந்தால்தான் அந்தக் கூடுதல் மோடம் வேலைக்கு வரும்.

பாட்டிக்கு உதவும். அவரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? முதியவர்கள் வழுக்கி விழும்போது கைப்பேசி பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில்லை. ஈரச்சந்தைக்குப் போகும்போது மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். விழுவதை உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதி ஆப்பிள் கடிகாரத்தில் 2018இல் வந்தது, பிற நிறுவனங்களிலும் இன்று கிடைக்கிறது. கடுமையான அதிர்ச்சியை அசைவு உணரி பதிவு செய்ததும் கடிகாரம் கேட்கும். பதில் இல்லாமல், அசைவும் இல்லாமல் ஒரு நிமிடம் போனால் அவசர எண்ணை அழைக்கும். வீட்டுக்கு வெளியே, கைப்பேசி இல்லாமல் இது நடக்க வேண்டுமென்றால் கடிகாரத்துக்குச் சொந்தத் தொடர்பு வேண்டும். இங்கே அந்தக் கூடுதல் விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, பாட்டி தினமும் அதை மின்னேற்ற வேண்டும். அந்தப் பொறுப்பைப் பேரப்பிள்ளை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பிக்கும் உதவக்கூடும். அவனுக்குக் கைப்பேசி வாங்கித் தர பெற்றோருக்கு மனமில்லை, பேருந்தில் தனியாக வரும்போது தொடர்பும் வேண்டும். பெற்றோரின் கைப்பேசி வழியாகப் பிள்ளையின் கடிகாரத்தை அமைத்து, யார் யார் அழைக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்தும் வசதி இப்போது உண்டு. திரை சிறியது, காணொளி பார்க்க முடியாது, விரலால் உருட்டிக்கொண்டே இருக்க எதுவும் இல்லை. சலிப்பூட்டும் கருவி என்பதுதான் இதன் பெரிய நன்மை என்பேன்.

உங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு? உங்களிடம் ஏற்கெனவே கைப்பேசி இருக்கிறது. வீட்டிலும் பெருவிரைவு ரயிலிலும் அது உங்கள் பையிலேயே இருக்கிறது. அதை விட்டு விலகியிருக்கும் நீண்ட நேரம் பள்ளி நேரம்தான். ஆனால், 2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கு மட்டுமன்றித் திறன்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. இடைவேளையும் இணைப்பாட நடவடிக்கையும் கூட இதில் அடங்கும். தேசியத் தேர்வு அறைக்குள் திறன்கடிகாரம் கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

விதியை உருவாக்கியவர்கள் கடிகாரத்தை ஏன் சேர்த்தார்கள் என்று நீங்கள் முணுமுணுக்கலாம். ஆனால், ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பைக்குள் இருக்கும் கைப்பேசி அதிர்ந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். மணிக்கட்டு எலும்பின்மேல் அதிர்வதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதற்காகத்தானே அதை அங்கே கட்டுகிறோம்!

கேட்கும் கடிகாரம்

தம்பிக்குச் சிறுவர் கடிகாரம் வாங்குவதாக இருந்தால் பெற்றோரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். சொந்தத் தொடர்பு உள்ள கடிகாரத்தில் ஒலிவாங்கியும் இருப்பிடம் காட்டும் கருவியும் இருக்கின்றன. அவை திரட்டும் தகவல் தயாரிப்பாளரின் கணினிக்குப் போய், அங்கிருந்து பெற்றோரின் செயலிக்கு வருகிறது. அந்தப் பாதையில் பூட்டு பலவீனமாக இருந்தால் யாரும் உள்ளே நுழையலாம்.

நார்வேயின் பயனீட்டாளர் மன்றம் 2017 அக்டோபரில் நான்கு சிறுவர் கடிகாரங்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. சிலவற்றில் அந்நியர் ஒருவர் கடிகாரத்தின் கட்டுப்பாட்டையே கைப்பற்ற முடிந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று பின்தொடர முடிந்தது, பிள்ளை வேறோர் இடத்தில் இருப்பதாகப் பெற்றோருக்குப் பொய்யாகக் காட்டவும் முடிந்தது. பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே ஆபத்துக்கு வாசலாகிவிட்டது.

அடுத்த மாதமே ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட சிறுவர் கடிகாரங்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. அங்கே கடிகாரத்துக்கே தெரியாமல் அழைத்து, அதைச் சுற்றி நடப்பதைக் கேட்கும் வசதி சிலவற்றில் இருந்தது. சில பெற்றோர் அதைக் கொண்டு வகுப்பில் ஆசிரியர் பேசுவதை ஒட்டுக்கேட்டது விசாரணையில் தெரியவந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

எல்லாச் சிறுவர் கடிகாரங்களும் அப்படிப்பட்டவை அல்ல. ஆனால், இணையச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும், பெயரே கேள்விப்படாத கடிகாரத்துக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் அதுவே ஒரு பதில்.

கடிகாரம் வாங்கிய பிறகு வரும் செலவு

விலைச்சீட்டில் இல்லாத செலவு மாதக் கட்டணம். உங்கள் கைப்பேசி எண்ணையே கடிகாரத்துக்கும் பகிர்ந்து தர, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பொதுவாகத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. சில திட்டங்களில் குறிப்பிட்ட காலம் இலவசமாக இருக்கலாம். கணக்குக்காக மாதம் 7 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 252 வெள்ளி! கடிகாரத்தின் விலை வித்தியாசத்தை இந்தச் சின்னத் தொகை ஓசையில்லாமல் தாண்டிவிடும். எல்லா நிறுவனங்களும் எல்லாக் கடிகாரங்களையும் ஆதரிப்பதில்லை. மலிவான சிம் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கடிகார வசதியே இல்லாமல் போகலாம். கடைக்குப் போகும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், போன பிறகு அல்ல.

வார இறுதியில் ஜோகூர் பாருவுக்குப் போகும் குடும்பமா உங்களுடையது? பாலத்தைத் தாண்டியதும் கைப்பேசி மலேசியக் கட்டமைப்புக்கு மாறிக்கொள்ளும். கடிகாரத்துக்கு அந்த வசதி தானாக வருவதில்லை. ஆப்பிள் கடிகாரங்களுக்கு வெளிநாட்டு இணைப்பு 2022இல்தான் சாத்தியமானது, அதுவும் உங்கள் நிறுவனம் ஆதரித்தால் மட்டுமே.

'தனித்தியங்கும்' என்ற சொல்லையும் முழுதாக நம்பிவிடக்கூடாது. ஆப்பிள் கடிகாரத்தை முதன்முதலில் அமைக்கவே ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர் அதை வாங்கிப் பயனில்லை. ஐபோனுடன் இணைத்த கடிகாரத்தில் சாதாரணக் குறுஞ்செய்தியும் வெளிச் செயலிகளின் அறிவிப்பும் வர வேண்டுமென்றால், ஐபோன் எங்கேயோ ஓரிடத்தில், உங்கள் அறையிலாவது, இயங்கிக்கொண்டு இணைப்பில் இருக்க வேண்டும். அது அணைந்துபோனால் கடிகாரமும் பாதி மௌனமாகிவிடும். ஆண்ட்ராய்டு பக்கத்தில் வேர் ஓஎஸ் கடிகாரங்களுக்கு 2023இல் வந்த வாட்ஸ்அப் செயலி, கைப்பேசி அருகில் இல்லாமலும் பதிலளிக்க உதவுகிறது. எந்தச் செயலி எந்தக் கடிகாரத்தில் தனியாக ஓடும் என்பது ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று, கட்டமைப்புகளுக்கும் ஆயுள் உண்டு. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் முடிந்தது. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை நிறுத்தியது, சிங்கப்பூர் 2024இல் அதைத் தொடர்ந்தது. 3ஜி மட்டுமே தெரிந்த பழைய கடிகாரம் இன்று முள் நன்றாக ஓடினாலும் இங்கே ஊமைதான். தாத்தாவின் சாவிக் கடிகாரம் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் தன் வேலையைச் செய்கிறது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி உங்கள் முறை. அப்பாவிடம் கேட்பதற்கு முன் ஒரு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி உங்களிடமிருந்து பத்து மீட்டருக்கு மேல் விலகியிருந்த ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறியுங்கள். பக்கத்திலேயே, அந்த நேரத்தில் யாரையாவது அழைக்க வேண்டியிருந்ததா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். நீச்சல், ஓட்டம், கீழ்த்தளத்துக் கடைக்குப் போய் வந்தது என்று எதையும் விடாதீர்கள். வார இறுதியில் நிமிடங்களைக் கூட்டுங்கள். பள்ளி நேரத்தைக் கழித்துவிடுங்கள், அப்போது கடிகாரமும் கைப்பேசியோடு பையில்தான் இருக்கும். மீதமுள்ள எண்ணையும் 'ஆம்' என்று எழுதிய வரிகளையும் அப்பாவிடம் காட்டுங்கள். பாட்டிக்கும் இதேபோல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தால், அந்தக் கடிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற பேச்சு வேறு திசையில் போகக்கூடும்.